ஜோன் கேட்ட நாய்

மந்தைவெளி,
14 ஜூன் 2025

அன்புள்ள டெரிக்,

நானும் ஜோனும் நலம். நீங்களும், உங்கள் கைச் சமையலைச் சாப்பிடும் அந்த இருபத்தோரு பேரும் நலமாக இருக்க வேண்டும்.

போன வாரம் நீங்கள் பேசியது மொத்தம் மூன்று நிமிஷம். அதில் இரண்டு நிமிஷம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போயிற்று. மீதி ஒரு நிமிஷத்தில் நாலரை வயசுப் பிள்ளையிடம் "அப்பா உனக்கு நாய்க்குட்டி வாங்கித் தரேன்" என்று சொன்னீர்கள். உடனே லைன் அறுந்தது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் பள்ளிக்கூடச் செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் ஜோன் துண்டு விரித்து வைத்திருக்கிறாள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைப் போய்ப் பார்க்கிறாள். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது ஃபாதரை நிறுத்தி, "நாய்க்குட்டி பூசைக்கு வரலாமா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடுகிறது. மீதிப் பாதி கோபமாக எனக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் பெரிய விஷயங்களை இனி மெயிலில் கடிதமாக எழுதிக்கொள்வோம். கப்பலில் எப்போது சிக்னல் கிடைக்கிறதோ அப்போது நிதானமாகப் படித்துப் பதில் எழுதுங்கள்.

முதல் கடிதத்திலேயே கேட்கிறேன். நானும் ஜோனும் ஏழரைக்குப் பள்ளிக்கூடம் கிளம்பினால் மூன்றரைக்குத்தான் திரும்புகிறோம். அதுவரை நாய்க்குட்டி யாரோடு இருக்கும்? நம் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காலையும் மாலையும் அதைக் கீழே அழைத்துப் போவது யார்? வீடெல்லாம் நனைத்தால் துடைப்பது யார்? எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் பதிலாக வருகிறது. அது உங்கள் பெயர் இல்லை.

குறை சொல்லவில்லை. கொஞ்சம் சொல்கிறேன்.

அன்புடன்,
கரோல்


கப்பலிலிருந்து,
23 ஜூன் 2025

என் அன்புள்ள கரோலுக்கு,

உன் கடிதத்தைச் சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கும்போது படித்தேன். அதனால் கண்ணீர் எதற்கு வந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது.

தப்புதான். உன்னைக் கேட்காமல் சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கு ஜோன் என்னிடம் பேசவே வரவில்லை, கவனித்தாயா? "அப்பாகிட்ட பேசு" என்று நீ போனை நீட்டுகிறாய், அவள் "அப்புறமா" என்கிறாள். அந்தக் குரல் எனக்குக் கேட்டது. அவளை எப்படியாவது நிறுத்திவைக்க வேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொன்னதும் அவள் ஓடி வந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன், அப்படி ஒன்றும் கெட்ட யோசனை இல்லை. தங்கையோ தம்பியோ இல்லாத பிள்ளை. நானும் வருஷத்தில் எட்டு மாதம் இல்லை. வீட்டில் இன்னொரு உயிர் இருந்தால் நல்லதுதானே? கிண்டியில் இருக்கும் வில்லியமை உனக்குத் தெரியும், என்னோடு கேட்டரிங் படித்தவன். அவனுடைய லேப்ரடார் குட்டி போட்டிருக்கிறது. லேப்ரடார் பிள்ளைகளோடு பொறுமையாக இருக்கும் என்கிறான். ஒரு சனிக்கிழமை கொண்டுவந்து காட்டச் சொல்கிறேன். பிடிக்கவில்லை என்றால் அவனே திருப்பி எடுத்துப்போவான். பார்ப்பதில் என்ன நஷ்டம்?

ஜோனுக்கு முத்தம். உனக்கும், நீ மறுக்கவில்லை என்றால்.

உன்,
டெரிக்


மந்தைவெளி,
19 ஜூலை 2025

அன்புள்ள டெரிக்,

நலம். போன சனிக்கிழமை வில்லியம் குட்டியைக் கொண்டுவந்தார். இரண்டரை மாதக் குட்டி, வெண்ணெய் நிறம். சாயங்காலம்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனார். எங்களுக்குச் சரிப்பட்டு வரும் என்று தோன்றவில்லை. அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். ஜோனும் அதைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

அவளுக்கு இரண்டு நாள் உடம்பு கொஞ்சம் சரியில்லை. இப்போது பரவாயில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. அதனால் இந்தக் கடிதம் சின்னது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரோல்


கப்பலிலிருந்து,
5 ஆகஸ்ட் 2025

கரோல்,

நேற்று துறைமுகத்தில் சிக்னல் கிடைத்ததும் வில்லியம் அனுப்பியிருந்த செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. "மச்சி, ரொம்ப சாரிடா. குட்டி இப்படிப் பண்ணும்னு நெனைக்கல. பாப்பா கை இப்ப எப்படி கீது? ஊசியெல்லாம் முடிஞ்சிதா?"

எந்தக் கை? எந்த ஊசி?

அவனுக்குப் போன் செய்து தெரிந்துகொண்டேன். என் மகளை நாய் கடித்ததை வில்லியம் சொல்லி நான் கேட்கிறேன். மூன்று ஊசி போட்டாயிற்றாம், இன்னொன்று பாக்கியாம். நீ எனக்கு "உடம்பு கொஞ்சம் சரியில்லை" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அதில் பொய் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் யார் உங்களுக்கு?

டெரிக்


மந்தைவெளி,
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள டெரிக்,

கடைசி ஊசி முந்தாநாள் முடிந்தது. கையில் காயம் ஆறிவிட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சின்னத் தழும்பு மட்டும் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இனி நடந்தது. ஜோன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். துண்டு கீழே விழுந்தது. குட்டி கவ்விக்கொண்டது. "அது என்து" என்று இவள் அதன் வாய்க்குள் கையை விட்டாள். நான் அடுப்படியில் இருந்தேன், நாலடி தூரம். கத்தல் கேட்டு வந்து பார்த்தால் கையெல்லாம் ரத்தம். நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த நேரம் வீட்டு வேலைக்கு வந்திருந்த சுலோச்சனா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் கையைப் பிடித்தாள்.

"இன்னாம்மா சும்மா நிக்கிற? சோப்பு எடு. கழுவிக்கினே இருக்கணும், கால் மணி நேரம். மஞ்சத்தூளு கிஞ்சத்தூளு எதுவும் வைக்காத."

ஜோன் அலறினாள். சுலோச்சனா கையை விடவில்லை. பிறகு அவளே ஆட்டோ பிடித்து எங்களோடு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். காயத்தைச் சுற்றிலும் ஊசி போட்டபோது ஜோனின் காலை அவள் பிடித்துக்கொண்டாள், தலையை நான் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அவள் மற்ற இரண்டு வீட்டு வேலைக்கும் போகவில்லை.

திரும்பி வரும்போது நான் குட்டியைத் திட்டினேன். அவள் சிரித்தாள். "நாயி இன்னாம்மா பண்ணும், அதுக்கு வாயிதான் கை. கொயந்தயும் குட்டி, அதுவும் குட்டி. ரெண்டுக்கும் ஒண்ணியும் தெரியாது. தெரிஞ்சவ நீதான், நீ பக்கத்துல இல்ல."

அந்த வார்த்தை எனக்குக் குத்தியது, ஏனென்றால் அது நிஜம். உங்களிடம் சொல்லாமல் இருந்ததற்கு அது ஒரு காரணம். என் கண்ணெதிரே நடந்த தப்பை எழுத வெட்கமாக இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. நடுக்கடலில் இதைப் படித்து நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? ராத்திரி தூங்காமல் இருந்திருப்பீர்கள். எனக்குப் போன் செய்திருப்பீர்கள், பாதியில் அறுந்திருக்கும். ஜோனைத் தேற்றிவிட்டு உங்களையும் தேற்ற வேண்டியிருந்திருக்கும். எனக்கு அன்றைக்கு அவ்வளவு தெம்பு இல்லை டெரிக். ஜோனுக்கு டைஃபாய்டு வந்தபோதும் உடனே சொல்லவில்லை. அவள் படியில் விழுந்து நெற்றியில் தையல் போட்டபோதும், ஆறிய பிறகுதான் சொன்னேன். எனக்கு இது பழகிவிட்டது. நான் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் கேட்டீர்கள் என்று தெரியும். எனக்கும் சில நாள் அந்தக் கேள்வி வருகிறது.

மறைத்தது தப்பு. மன்னியுங்கள்.

கரோல்


கப்பலிலிருந்து,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கரோலுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் கோபமாக ஒரு பதில் எழுதினேன், அனுப்பவில்லை. பிறகு சோறு இரண்டு தடவை குழைந்துபோயிற்று. பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன், "குக், வீட்டில் எதுவும் பிரச்சினையா?" என்று கேட்டான். கஞ்சி மாதிரி இருந்த சோற்றை வைத்தே கண்டுபிடித்துவிட்டான்.

சுலோச்சனாவுக்கு என் நன்றியைச் சொல். நேரில் வந்து சொல்கிறேன் என்று சொல்.

நீ மறைத்ததைப் பற்றிப் பேச எனக்கு வாய் இல்லை. நானும் ஒன்றை மறைத்தேன். டிசம்பரில் இறங்க வேண்டியவன், பிப்ரவரிவரை இருக்கிறேன் என்று ஜூலை மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டேன். கேப்டன் கேட்டார். மாற்று ஆள் கிடைக்கவில்லை என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கேயே போட்டேன்.

ஏன் என்று எனக்கே நேற்றுதான் புரிந்தது. போன தடவை வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் ஒரு கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தீர்கள். பல் தேய்ப்பது, பால், பள்ளிக்கூடம், வீட்டுப்பாடம், ஜெபம், தூக்கம். நான் எதைத் தொட்டாலும் "அது அங்க இல்லப்பா, இங்க" என்று ஜோன் சொன்னாள். இருபத்தோரு பேருக்குச் சமைப்பவன், சொந்த அடுப்படியில் உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டு நின்றேன். விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதையை நீ எனக்குக் கொடுத்தாய். கப்பலில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் என்ன வேலை என்று தெரியவில்லை. அதனால் கையெழுத்துப் போடுவது சுலபமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு நான் இல்லை. ஜோனிடம் நானே சொல்கிறேன். நாய்ப் பேச்சு இனி வேண்டாம், கரோல். அந்தப் பிள்ளை பட்டது போதும்.

டெரிக்


மந்தைவெளி,
13 செப்டம்பர் 2025

அன்புள்ள டெரிக்,

பிப்ரவரி என்று படித்த பிறகு உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. ஆரோக்கிய மாதா திருவிழாவுக்குப் போனோம். எல்லாரும் குடும்பமாக வந்திருந்தார்கள். அதற்கு மேல் இதைப் பற்றி இன்று எழுத மாட்டேன்.

நாய்ப் பேச்சு வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் பேசத்தான் போகிறேன்.

சுலோச்சனா குடும்பம் முன்பு கோட்டூர்புரம் பக்கம் ஆற்றங்கரையில் குடியிருந்தது. இரண்டு வருஷம் முன்னால் அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். அவளுக்கு ஏழாவது மாடி. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி மந்தைவெளிக்கு வேலைக்கு வருகிறாள். ஆற்றங்கரை வீட்டில் அவர்கள் வளர்த்த நாய் ஒன்று இருந்தது. பழுப்பு நிறம், ஆறு வயசு. ஏழாவது மாடிக்கு அழைத்துப் போனார்கள். நாலு நாள் சாப்பிடாமல், பால்கனிக் கம்பிக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுததாம். குதித்துவிடுமோ என்று பயந்து பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் மெஹபூப் அலி என்று ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் அது இருக்கிறது. சுலோச்சனா தினமும் வேலைக்கு வரும் வழியில் இறங்கிச் சோறு வைத்துவிட்டு வருகிறாள். இரண்டு வருஷமாக. எனக்குத் தெரியவே தெரியாது. சில நாள் பத்து நிமிஷம் லேட்டாக வருகிறாள் என்று நான் முகம் காட்டியிருக்கிறேன்.

பெயர் பீட்டர். பீட்டர் என்றால் நம் புனித இராயப்பர், அவர் பெயரை நாய்க்கு வைக்கலாமா என்று எனக்குச் சுருக்கென்றது. கேட்டேன். "அதுக்கில்லம்மா. மத்த நாயிங்க கத்தும், இது மட்டும் உர்ருபுர்ருனு இங்கிலீஸ் பேசற மாரி கொலைக்கும். பீட்டர் உடுதுன்னு என் பொண்ணு வச்ச பேரு" என்றாள்.

அலி பாய் மாத முடிவில் கடையை மூடிவிட்டு மகனோடு வேலூர் போகிறார். பீட்டரை என்ன செய்வது என்று சுலோச்சனா என்னிடம் கேட்கவில்லை. சும்மா சொன்னாள். சொல்லும்போது திரும்பி நின்று பாத்திரம் தேய்த்தாள்.

போன சனிக்கிழமை நானும் ஜோனும் பறக்கும் ரயிலில் இரண்டு ஸ்டேஷன் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஜோன் என் பின்னாலேயே நின்றாள். அது எழுந்து வந்து ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டது. விளையாட வரவில்லை, நக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

உங்கள் அபிப்பிராயம் எழுதுங்கள்.

கரோல்


கப்பலிலிருந்து,
25 செப்டம்பர் 2025

கரோல்,

என் அபிப்பிராயம் வேண்டாம் என்பதுதான். தெருவில் இருக்கும் நாய். ஒரு தடவை பட்டாயிற்று.

ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் பிப்ரவரிவரை தண்ணீரில் இருப்பேன். அதனால் கேள்வி மட்டும் கேட்கிறேன். ஊசி போட்டிருக்கிறதா? டாக்டர் பார்த்தாரா? பகலில் அது யாரோடு இருக்கும்? சுலோச்சனாவின் பெண் என்ன சொல்கிறாள்? அது அவள் நாய் இல்லையா?

டெரிக்


மந்தைவெளி,
9 அக்டோபர் 2025

அன்புள்ள டெரிக்,

நாலும் நல்ல கேள்வி. கடைசிக் கேள்வியை நானே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டிருந்தேன்.

அடையாறில் குருபிரசாத் என்று ஒரு நாய் டாக்டர். அவரிடம் காட்டினேன். தடுப்பூசி எல்லாம் போட்டார். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முன்பே செய்திருக்கிறார்கள். ஒரு காதில் பழைய புண் இருக்கிறது, தொட்டால் வலிக்கும். "ஒரே நாள்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. பாப்பா பத்து தடவ வந்து பாக்கட்டும். வேண்டாம்னு தோணிச்சுன்னா தைரியமா வேண்டாம்னு சொல்லுங்க, அதுல பாவம் எதுவும் கிடையாது" என்றார். பத்து தடவை முடியவில்லை, ஏழு தடவை போனோம். சாப்பிடும்போது போகக் கூடாது, தூங்கும்போது தொடக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது. ஜோன் இந்த மூன்றையும் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

பகலுக்கு இப்படி: சுலோச்சனா இனி நம் வீட்டுக்குக் காலையில் வராமல் பதினோரு மணிக்கு வருவாள். சாவி அவளிடம் இருக்கும். பீட்டரைக் கீழே அழைத்துப் போய்விட்டு வந்து வேலையைத் தொடங்குவாள். வீட்டுக்காரர் சாய்சரண் சாரிடமும் கேட்டுவிட்டேன். "கொலைச்சு மத்தவங்க தூக்கத்தைக் கெடுக்காம பாத்துக்கோங்க மேடம்" என்று ஒப்புக்கொண்டார்.

போன சனிக்கிழமை பீட்டர் வந்தது. சுலோச்சனாவின் பெண் அன்புச்செல்வி கூட்டிவந்தாள். பத்து வயசு. பள்ளிக்கூட யூனிஃபார்மிலேயே இருந்தாள், அதுதான் நல்ல உடுப்பாம். இரண்டு மாடியும் அதோடு பேசிக்கொண்டே ஏறினாள். நான் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு இதில் வருத்தம் இருந்தால் சொல்லு, நான் செய்ய மாட்டேன்" என்றேன்.

"எனுக்கு வருத்தம்தான் ஆன்ட்டி," என்றாள். "ஆனா அது டீக்கட வாசல்ல ரோட்டையே பாத்துக்கினு கீது. அத நெனச்சா அத்தவிட வருத்தம்."

அவள் ஜோனைக் கூப்பிட்டுத் தரையில் உட்காரவைத்தாள். "இந்தப் பக்கத்துக் காத தொடாத, அதுக்கு நோவும். வவுத்த சொறிஞ்சா புடிக்கும். ஆனா அது வந்து கேட்டாதான். நீயா போவாத. இன்னா?" ஜோன் தலையாட்டினாள். "ஞாயித்துக்கெழம நான் வருவேன். அது என்னப் பாத்து உங்கிட்ட வராம பூட்டா நீ அழக் கூடாது." ஜோன் அதற்கும் தலையாட்டினாள்.

கிளம்பும்போது அன்புச்செல்வி அழவில்லை. சுலோச்சனாதான் அழுதாள்.

உங்கள் ஒப்புதல் இல்லாமல் செய்தேன். ஆனால் உங்களுக்குத் தெரியாமல் எதுவும் செய்யவில்லை.

கரோல்


மந்தைவெளி,
22 அக்டோபர் 2025

அன்புள்ள டெரிக்,

இதை ஆறவிட்டு எழுதக் கூடாது என்று இன்றே எழுதுகிறேன்.

முந்தாநாள் தீபாவளி. காலையிலிருந்தே தெருவில் வெடி. ஜன்னலெல்லாம் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்து, படுக்கையறையில் பீட்டரை விட்டிருந்தேன். கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆறரை மணிக்கு வாசலில் ஆயிரம்வாலா வெடித்தது. நான் வாசல் கதவடியில் துணி சொருகிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் படுக்கையறைக் கதவு திறந்திருக்கிறது, ஜோன் கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பு போய்விட்டாள். கால் மட்டும் வெளியே தெரிகிறது. "பயப்படாத பீட்டர், நான் இருக்கேன்" என்கிறாள்.

பீட்டர் உறுமியது. தொண்டைக்குள்ளிருந்து வரும் உறுமல். காலைப் பிடித்து இழுத்தால் அது பாயுமா, கத்தினால் பாயுமா, ஒன்றும் தெரியவில்லை. முழங்காலில் உட்கார்ந்து, என்னால் முடிந்த மெல்லிய குரலில், "ஜோன், பீட்டர் என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"கிட்ட வராதன்னு சொல்லுது" என்றாள்.

"அப்போ நாம என்ன செய்யணும்?"

அவள் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தாள். கையில், முகத்தில் எங்கும் ஒன்றுமில்லை. நான் பார்த்த பார்வையில் அவளுக்கு அழுகை வந்தது, "பீட்டர் கெட்ட நாயாம்மா?" என்று கேட்டாள். "இல்லை, வாயால சொல்லிச்சு, நீயும் கேட்டுக்கிட்ட. நல்ல நாய், நல்ல பொண்ணு" என்றேன். பிறகு இருவரும் கதவோரம் உட்கார்ந்து, வெடிச் சத்தம் அடங்கும்வரை ஜெபமாலை சொன்னோம். எட்டு மணிக்கு அதுவே வெளியே வந்து என் காலடியில் படுத்தது.

இதில் என் தப்பு இருக்கிறது. படுக்கையறைக் கதவைத் தாழ் போட்டிருக்க வேண்டும். டாக்டரிடம் நேற்றே போய்ச் சொன்னேன். நாய் உறுமியதற்கு நாயைத் தண்டிக்காதீர்கள் என்றார். பீட்டருக்கென்று அடுப்படிப் பக்கம் ஒரு மூலை, குறுக்கே தடுப்பு, அதற்குள் ஜோன் போகக் கூடாது என்று ஏற்பாடு செய்துவிட்டேன். ஆனாலும் எல்லாம் சரி என்று உங்களுக்கு எழுத எனக்கு வரவில்லை. இதுதான் நடந்தது.

கரோல்


கப்பலிலிருந்து,
3 நவம்பர் 2025

என் அன்புள்ள கரோலுக்கு,

படித்த உடனே "அனுப்பிவிடு" என்று ஒரே வரி எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அதையும் அழித்தேன்.

பிறகு தேதியைப் பார்த்தேன். நடந்து இரண்டே நாளில் எழுதியிருக்கிறாய். உன் தப்பையும் சேர்த்து எழுதியிருக்கிறாய். கல்யாணமாகி ஏழு வருஷத்தில், நடந்த சூட்டோடு எனக்கு வந்த முதல் கெட்ட செய்தி இது. இதைப் படித்துவிட்டு நான் செய்யக்கூடியது நாயை அனுப்பச் சொல்வது மட்டும்தானா என்று சமையல்கட்டில் நின்று யோசித்தேன். கட்டிலுக்கு அடியில் அவள், கதவடியில் நீ. அந்த வீட்டில் இன்னொரு ஆள் நின்றிருந்தால் தாழ் போட்டிருப்பான். அவ்வளவு சின்ன வேலைதான்.

கேப்டனிடம் போய் டிசம்பரிலேயே இறங்குகிறேன் என்றேன். முகம் சுளித்தார். வீட்டில் என்ன என்று கேட்டார். நாய் என்றேன். அவர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று மாற்று ஆள் கிடைத்துவிட்டதாகச் சொன்னார். சிங்கப்பூரில் இறங்கி, டிசம்பர் 17 காலை சென்னை.

எவ்வளவு நாள் இருப்பேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டு மாற்றுகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டேன். வந்து உட்கார்ந்து பேசுவோம். ஆனால் விருந்தாளியாக வரவில்லை, கரோல். காலை நடை என்னுடையது. எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுது.

பீட்டர் எனக்கும் உறுமுமா?

உன்,
டெரிக்


மந்தைவெளி,
30 நவம்பர் 2025

அன்புள்ள டெரிக்,

உங்கள் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் படித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். ஜலதோஷம் என்றேன்.

காலை நடை ஐந்தே முக்காலுக்கு. இப்போது மழை. மழையில் பீட்டர் இரண்டாவது படியில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. குடையை அதற்கும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அன்புச்செல்வி மூன்று ஞாயிறு வந்தாள். போன ஞாயிறு அவள் கிளம்பியபோது பீட்டர் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் அவள் அழுதாள். ஜோன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் செருப்பைக் கடித்தது. ஒரு நாள் எனக்கே இதெல்லாம் எதற்கு என்று வந்துவிட்டது. இரண்டையும் ஒரே அறையில் விட்டுவிட்டு நான் இன்றுவரை அடுப்படிக்குப் போனதில்லை. போகவும் மாட்டேன்.

உறுமுமா என்று கேட்டிருந்தீர்கள். உறுமலாம். அதற்கு உங்களைத் தெரியாது. அதனால் நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள்.

பதினேழாம் தேதி நேராகப் படியேறி வந்து காலிங் பெல்லை அழுத்தாதீர்கள். தெருமுனையிலிருந்து போன் செய்யுங்கள். நாங்கள் மூவரும் இறங்கி வருகிறோம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். பீட்டரின் கண்ணைப் பார்க்க வேண்டாம், குனிய வேண்டாம், கையை நீட்ட வேண்டாம். அதுவே வந்து மோந்து பார்க்கும். பார்க்கட்டும்.

ஜோன் உங்களைப் பார்த்ததும் ஓடி வருவாள். அங்கேதான் கஷ்டம். அவளை உடனே தூக்காதீர்கள். யாரோ வந்து பிள்ளையைத் தூக்குகிறார்கள் என்று பீட்டருக்குத் தோன்றிவிடக் கூடாது. அவளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அப்பா பக்கத்தில் போய்ச் சும்மா நில் என்று. நீங்களும் சும்மா நில்லுங்கள். ஐந்து நிமிஷம் ஆகும், ஒருவேளை பத்து. நானும் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறேன். நாம் மூவரும் ஒன்றாக நிற்பதை அது பார்க்கட்டும்.

அதன் வால் தளர்ந்ததும் நான் சொல்கிறேன். அதற்குப் பிறகு தூக்குங்கள்.

உங்கள்,
கரோல்